இரவு ஷிஃப்டில் தனியாக இருக்கும் சப் எடிட்டருக்கு எந்தப் பயிற்சி கைகொடுக்கும்?

சமீபத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் மும்பை மாட்டுங்காவில் இருந்து தமிழ்ச் செய்தித் தளம் நடத்துகிறார். இன்னொருவர் இங்கே பெங்களூரில், ஃப்ரேசர் டவுனில், யூடியூப் சேனலையும் இணையதளத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர். மூன்றாமவர் டெல்லியில் கிட்டத்தட்டத் தனி ஆளாக ஒரு தமிழ் டெஸ்க்கை, அதாவது செய்திகளைத் திருத்தி வெளியிடும் பிரிவை, இழுத்துக்கொண்டிருப்பவர். "பிள்ளைங்க நல்லா எழுதுறாங்க. ஆனா எதைப் போடணும், எதை நிறுத்தி வைக்கணும்னு முடிவெடுக்கத் திணறுறாங்க. கோர்ஸுக்கு அனுப்பட்டுமா, இல்ல நாமளே சொல்லிக் கொடுக்கலாமா?"

பெங்களூரில் ஒரு தமிழ் இணைய டெஸ்க்கைப் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். வெளிப் பயிற்சி, மூத்தவர் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்பிப்பது, எழுதி வைத்த கையேடு, வாராந்திர ஒத்திகை என்று நான்கு வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் பலன் கிடைத்தது, எல்லாவற்றிலும் காசும் நேரமும் போனது. எது எங்கே உதவியது, எங்கே கைவிட்டது என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு இரவைச் சொல்ல வேண்டும்.

2023 செப்டம்பர் 28, இரவு 10.40

காவிரிக்காக 26-ஆம் தேதி பெங்களூர் பந்த் நடந்து முடிந்திருந்தது. மறுநாள் 29-ஆம் தேதி கர்நாடக பந்த். இரவு ஷிஃப்டில் இருந்தவர் சேலத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது. தமிழ்நாடு பதிவெண் கொண்ட லாரி எரிகிறது. கீழே "இப்போது, ஓசூர் ரோடு" என்று எழுதியிருக்கிறது. எனக்கு போன் செய்தார்: "சார், போட்டுடலாமா? மத்தவங்க எல்லாம் போட்டுட்டாங்க."

ஓசூரில் எங்களுக்குச் செய்தி தரும் பகுதிநேரச் செய்தியாளரை (ஸ்ட்ரிங்கர்) கூப்பிடச் சொன்னேன். அவர் சொன்னதை அந்தப் பெண் அப்படியே குறித்து வைத்திருந்தார்: "ஜுஜுவாடி செக்போஸ்ட்லதாம்மா நிக்கிறேன். நம்ம ஊரு பஸ்ஸெல்லாம் இங்கேயே திருப்பி விடுறாங்க. தீயும் இல்ல, புகையும் இல்ல." அதன் பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் ஒரு கடைப் பலகையில் ஏர்செல் என்ற கைபேசி நிறுவனத்தின் பெயர். ஏர்செல் சேவை 2018-லேயே நின்றுபோனது. பழைய பலகையை யாரும் கழற்றாமல் விட்டிருக்கலாம், ஆகவே அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்பட அது போதும். ஒரு ஃபிரேமை எடுத்து, அதே படம் முன்பு எங்கே வந்தது என்று காட்டும் படத் தேடலில் போட்டார். அதே காட்சி 2016 செப்டம்பரில் பகிரப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் காவிரி உத்தரவை ஒட்டி இங்கே பேருந்துகளும் லாரிகளும் எரிந்த அந்த நாட்களின் வீடியோ அது.

என்னை யோசிக்கவைத்தது அதற்கு அடுத்த விஷயம். அவர் மூன்று வாரத்துக்கு முன்புதான் சரிபார்ப்புப் பயிலரங்கு ஒன்றுக்குப் போய் வந்திருந்தார். படத் தேடல் அவருக்கு நன்றாகவே தெரியும். சான்றிதழ்கூடப் பையில் இருந்தது. ஆனால் 10.40-க்கு அது நினைவுக்கு வரவில்லை. நினைவில் நின்றது "மத்தவங்க போட்டுட்டாங்க" என்பது மட்டும்தான். கருவியைக் கையாளத் தெரிவது ஒரு திறமை, நெருக்கடியில் அதை எடுக்கத் தோன்றுவது வேறொரு திறமை. முதலாவதைப் பலர் கற்றுத் தருகிறார்கள். இரண்டாவதை யார் எப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்று பார்த்துத்தான் பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதை வைத்து அளப்பது

அச்சுப் பத்திரிகையில் ஒரு செய்தி வாசகரிடம் போவதற்குள் செய்தியைத் திருத்தும் சப் எடிட்டர், அவருக்கு மேலிருக்கும் சீஃப் சப், எழுத்துப் பிழை பார்க்கும் புரூஃப் ரீடர் என்று பல கண்கள் பார்த்துவிடும். இணையத்தில் பல நேரம் எழுதுபவரே பப்ளிஷ் பட்டனையும் அழுத்துகிறார். அதனால் நான் முதலில் கேட்பது, இந்தப் பயிற்சி இரவில் தனியாக இருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடத்தில் உதவுமா என்பதைத்தான்.

அடுத்தது செலவு. கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. இரண்டு நாள் ஒருவர் இல்லாத டெஸ்க்கை யார் ஓட்டுவது என்பதும் செலவுதான். மூன்றாவது, கற்றவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் நம்மிடம் என்ன மிஞ்சும்? தமிழ் டெஸ்க்குகளில் ஆள் மாற்றம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். நான்காவது, நம் சட்டமும் நம் மொழியும் நம் ஊரும் அதில் இருக்கின்றனவா? கடைசியாக, பலன் கிடைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளிப் பயிற்சி: பயிலரங்கு, ஆன்லைன் கோர்ஸ்

இலவசமாகவே நல்ல பயிற்சிகள் கிடைக்கின்றன. கூகுள் 2018-ல் இந்தியாவில் 8,000 செய்தியாளர்களுக்குச் சரிபார்ப்புப் பயிற்சி தரத் திட்டமிட்டபோது, பயிற்சி மொழிகளில் தமிழும் இருந்தது. படத் தேடல், வீடியோக்களைச் சரிபார்க்க உதவும் இன்விட் போன்ற கருவிகள், ஒரு வீடியோ எங்கே எடுக்கப்பட்டது என்று நிலப்படத்தை வைத்துக் கண்டுபிடிப்பது, இதையெல்லாம் வெளியில் கற்பதே சரி. நாமே சொல்லிக்கொடுக்க முயன்றால் பாதிதான் சொல்வோம்.

சட்டமும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த ஒரு உதாரணம். மத்திய அரசு 2021 பிப்ரவரியில் டிஜிட்டல் ஊடகங்களுக்கான விதிகளை அறிவித்தது. பல இடங்களில் பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. அவற்றில் 9-ஆவது விதியின் இரண்டு உட்பிரிவுகளை அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்ததைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கறிஞர் ஒருவரை அரை நாள் கூட்டிவந்து உட்காரவையுங்கள். அந்தக் காசு வீண்போகாது.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருகிறேன். பெரும்பாலான பயிற்சிகளில் உதாரணங்கள் ஆங்கிலச் செய்திகளில் இருந்து வருகின்றன. தமிழ்த் தலைப்பில் ஒரு வினைச்சொல் என்ன செய்துவிடும் என்பதை அங்கே யாரும் பேசுவதில்லை. 'தாக்குதல்', 'மோதல்', 'கைகலப்பு' மூன்றும் வெவ்வேறு செய்திகள். காவிரி நாட்களில் இந்த மூன்றில் எதை எடுக்கிறோம் என்பதுதான் பெரிய முடிவு. இன்னொன்று, பயிற்சிக்குப் போனவர் திரும்பி வந்து "இதைச் சரிபார்க்க இருபது நிமிஷம் வேணும்" என்று கேட்கும்போது, போகாத முதலாளி "அஞ்சு நிமிஷத்துல போடு" என்றால் அந்தப் பயிற்சி அன்றே முடிந்தது. அதனால் சப் எடிட்டரை அனுப்பும் முன் டிராஃபிக் எண்ணிக்கையை, அதாவது தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, பார்ப்பவரை அனுப்புங்கள் என்பேன்.

மூத்தவர் பக்கத்தில் உட்காரவைப்பது

நான் தொழில் கற்றதே இப்படித்தான். என்னுடைய மூத்தவர் இருபது ஆண்டு அச்சுப் பத்திரிகையில் இருந்துவிட்டு இணையத்துக்கு வந்தவர். நான் எந்தச் செய்தியோடு போய் நின்றாலும் "ரெண்டாவது போன் யாருக்குப் போட்ட?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வியை எந்தப் பாடத்திட்டமும் எனக்குத் தந்ததில்லை. தொனி, தலைப்பு, எந்தச் சொல் யாரைக் குத்தும் என்கிற உணர்வு எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

ஆனால் மூத்தவரின் பழக்கம் அத்தனையும் சேர்ந்தே இறங்கும். தாளில் மறுநாள் காலை வரப்போகும் செய்திக்கும், லட்சம் பேர் கைபேசியில் அந்த நொடியே ஒலிக்கப்போகும் புஷ் நோட்டிஃபிகேஷனுக்கும் அவர் வித்தியாசம் பார்க்கவில்லை. எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அதை உதற ஆண்டுகள் ஆயின. கூடவே, மூத்தவர் பகலில்தான் இருப்பார். சிக்கல் இரவில் வரும். கற்றுக்கொடுக்கும் மாதங்களில் அவருடைய சொந்த வேலை பாதியாகக் குறையும். அதை ஒப்புக்கொள்ளாத நிறுவனத்தில் இந்த வழி பெயரளவில்தான் நடக்கும்.

கையேடு

மிக மலிவு, ஆள் போனாலும் இது போகாது. நாங்கள் முதலில் எழுதியது முப்பது பக்கம். யாரும் படிக்கவில்லை. இப்போது நான்கு பக்கம்.

கையேட்டின் ஆபத்தை நாங்கள் ஒரு பெரிய தவறில்தான் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றிய செய்தி எங்கள் தளத்தில் வந்தது. கையேட்டில் "பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது" என்று இருந்தது. பெயரைப் போடவில்லை. ஆனால் பகுதியின் பெயர் இருந்தது, வகுப்பு இருந்தது, அப்பா என்ன கடை வைத்திருக்கிறார் என்பதும் இருந்தது. பெங்களூரில் நம்மவர்கள் நெருங்கி வாழும் தெருக்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இட்லிக் கடைக்காரர் ஒருவர்தான், தையற்கடைக்காரர் ஒருவர்தான். அந்த அப்பா அலுவலகத்துக்கு போன் செய்தார். கோபப்படவில்லை. "எங்க தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சுங்க" என்று மட்டும் சொன்னார். எழுதிய தம்பி என்னிடம் வந்து, "பேர் போடலையே சார்" என்றான். அவன் கையேட்டை அப்படியே பின்பற்றியிருந்தான். எங்கள் கையேடு பாதிச் சட்டத்தைத்தான் சொல்லியிருந்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பெயரோடு நிற்பதில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் தடுக்கிறது.

செய்தியை உடனே திருத்தினோம். ஸ்கிரீன்ஷாட்டுகளைத் திரும்ப வாங்க முடியவில்லை. இன்றும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

அதன் பிறகு கையேட்டில் இருந்த கட்டளைகளைக் கேள்விகளாக மாற்றினோம். அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: "இதைப் படித்தால் அந்தத் தெருவில் இருப்பவர் யாரென்று கண்டுபிடிப்பாரா?" தற்கொலைச் செய்திக்கு: "எப்படி இறந்தார் என்பதைத் தலைப்பில் இருந்து எடுத்துவிட்டால் செய்தி குறைகிறதா?" பிரஸ் கவுன்சில் 2019-ல் தந்த வழிகாட்டுதல் இதைத்தான் கேட்கிறது. கேள்வியாக வைத்தால் படிப்பவர் ஒரு நிமிடம் நிற்கிறார்.

மறைந்திருக்கும் செலவு: கையேடு காலாவதியாகும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அவதூறுக்கு 499, 500 என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தது 356 ஆனது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காக்கும் 228ஏ, 72 ஆனது. எங்கள் கையேட்டில் பழைய எண்கள் பல மாதம் அப்படியே கிடந்தன. யார், எந்த மாதம் புதுப்பிப்பது என்று முதல் பக்கத்திலேயே எழுதாவிட்டால் இதுதான் நடக்கும்.

ஒத்திகையும் பின்னாய்வும்

நான் நிறைய எழுத விரும்புவது இதைப் பற்றித்தான். அந்த லாரி வீடியோவுக்குப் பிறகு தொடங்கினோம். வெள்ளிக்கிழமை மாலை 4 மணி, நாற்பது நிமிடம்.

பழைய நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அன்று வந்த தகவல்களை, வந்த வரிசையில், துண்டுக் காகிதங்களில் அச்செடுத்து வைப்போம். முதல் காகிதத்தைத் திறந்ததும் ஆறு நிமிடம். ஒவ்வொருவரும் தன் சீட்டில் எழுத வேண்டும்: போடுவதா, நிறுத்துவதா, போட்டால் தலைப்பு என்ன, புஷ் அனுப்புவதா, ஒரு வரியில் காரணம். பிறகு அடுத்த காகிதம். எல்லாச் சீட்டுகளையும் கடைசியில் சேர்த்துத் திறப்போம். இளையவர் சீட்டை முதலில், என் சீட்டைக் கடைசியில். தொடக்கத்தில் நான் முதலில் பேசினேன். எல்லோரும் என் பதிலையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். இந்த வரிசை மாறியதும் கூட்டமே மாறியது.

முதல் ஒத்திகைக்கு எடுத்தது 2016 டிசம்பர் 5. அன்று மாலை சில தமிழ்த் தொலைக்காட்சிகள் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சொன்னன. அ.தி.மு.க. தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் மேலேறியது. இரவு 11.30-க்கு இறந்தார் என்ற அறிவிப்பு நள்ளிரவு தாண்டித்தான் வந்தது. எங்கள் ஒத்திகையில் ஐந்து பேரில் மூன்று பேர், கொடி இறங்கிய காகிதத்தைத் திறந்ததும் 'போடு' என்று எழுதினார்கள். "கட்சி ஆபீஸ்லயே இறக்கிட்டாங்களே, இதுக்கு மேல என்ன உறுதி வேணும்?" நியாயமான கேள்வி. கொடியை இறக்கியவருக்கு யார் சொன்னார்கள் என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். டி.வி.யைப் பார்த்து அவர்கள் இறக்கியிருந்தால், நாம் இரண்டாவது ஆதாரம் என்று நினைப்பது முதல் ஆதாரத்தின் நிழல்தான். அந்த அறையில் அன்று கற்றதை எந்த வகுப்பிலும் நான் கற்றுத் தந்திருக்க முடியாது.

இன்னொரு வாரம் 2012 ஆகஸ்ட். அஸ்ஸாம் வன்முறையைத் தொடர்ந்து, இங்கே தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தி எஸ்.எம்.எஸ்.ஸில் பரவ, வடகிழக்கு மாநில மக்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூர் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். ஒரே நேரத்தில் பலருக்கு மொத்தமாக அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. இதில் சரிபார்ப்புக் கருவிக்கு வேலையே இல்லை. கூட்டம் உண்மை, படம் உண்மை, பயமும் உண்மை. காரணம் மட்டும் வதந்தி. "தாக்குதல் பயம்: ஆயிரக்கணக்கானோர் ஓட்டம்" என்ற தலைப்பில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஆனால் அதைப் படித்துவிட்டு இன்னும் நூறு பேர் ரயில் நிலையத்துக்குக் கிளம்புவார்கள். அந்த ஒரு தலைப்புக்காக நாற்பது நிமிடமும் போனது. கடைசியில் யார் தலைப்பும் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. அப்படியே கலைந்தோம்.

பின்னாய்வு என்பது நம் சொந்தத் தவறை இதே மேசையில் வைப்பது. இதில்தான் கவனம் வேண்டும். ஒரு முறை இது விசாரணை மன்றம் ஆகிவிட்டால் அடுத்த வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தவறுகளை மறைக்கக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். "யார் செய்தது" என்று பேசுவதில்லை. அந்த நொடியில் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று மட்டும் பேசுவோம்.

பலனை அளக்க, திருத்தங்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். திருத்தம் குறைந்தால் தவறு குறைந்தது என்றும் இருக்கலாம், சொல்லாமல் மாற்றிவிடுகிறார்கள் என்றும் இருக்கலாம். இரவில் எனக்கு வரும் போன்களைக் கவனித்தேன். முன்பு "போட்டுடலாமா சார்?" இப்போது "நிறுத்தி வச்சிருக்கேன் சார், ஹாஸ்பிடல்ல இன்னும் பேசல." இந்த மாற்றத்துக்கு எங்களுக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. ஒரு மாதத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஒரே பார்வையில்

| | வெளிப் பயிற்சி | மூத்தவர் அருகில் | கையேடு | ஒத்திகை |
|---|---|---|---|---|
| நள்ளிரவில் உதவுமா | கருவி தெரியும், நினைவு வருவது உறுதியில்லை | மூத்தவர் போனை எடுத்தால் | நான்கு பக்கத்துக்குள் இருந்தால் | நன்றாகவே உதவும் |
| மறைந்த செலவு | காலியான ஷிஃப்ட், ஆங்கில உதாரணம் | மூத்தவரின் பாதி வேலை, அவர் பழக்கங்கள் | புதுப்பிக்கும் உழைப்பு | வாரம் 40 நிமிடம், பொறுமை |
| ஆள் போனால் | அவரோடு போகும் | போகும் | நிற்கும் | டெஸ்க்கின் பழக்கமாக நிற்கும் |
| சட்டம் | வழக்கறிஞர் நடத்தினால் சிறப்பு | பழைய நினைவு | தேதி போட்டால் சரி | தனியாகப் போதாது |

கேட்ட மூவருக்கு

ஃப்ரேசர் டவுன் நண்பரே, உங்களிடம் நல்ல மூத்தவர் இருக்கிறார். அவரை மாதத்தில் ஒரு வாரம் இரவு ஷிஃப்டுக்கு மாற்றுங்கள். கூடவே வெள்ளிக்கிழமை ஒத்திகையைத் தொடங்குங்கள். கோர்ஸுக்கு இந்த ஆண்டு யாரையும் அனுப்ப வேண்டாம்.

மாட்டுங்கா அண்ணாவுக்கு நேர்மாறாகச் சொல்வேன். உங்கள் டெஸ்க்கில் நான்கு பேருமே புதியவர்கள், யாருக்கும் படத் தேடல்கூடத் தெரியாது. கருவியே தெரியாதவரை வைத்து ஒத்திகை நடத்தினால் ஊகம்தான் வளரும். முதலில் இரண்டு பேர், பிறகு இரண்டு பேர் என்று சரிபார்ப்புப் பயிற்சிக்கு அனுப்புங்கள், அவர்களோடு நீங்களும் போங்கள். அது முடிந்த பிறகு ஒத்திகை. முதல் வாரம் மேசையில் வைக்கும் தவறு உங்களுடையதாக இருக்கட்டும்.

டெல்லித் தோழிக்குத்தான் பதில் சொல்வது கடினம். தனி ஆளுக்கு மூத்தவரும் கிடையாது, ஒத்திகைக்கு எதிரே உட்காரவும் ஆள் கிடையாது. கேள்விகளாக எழுதிய இரண்டு பக்கக் கையேடு ஒன்றைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். அதோடு, மாட்டுங்கா டெஸ்க்கில் இரவில் இருப்பவரோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். 10 மணிக்கு மேல் புஷ் அனுப்பும் முன் ஒருவர் மற்றவரை அழைக்க வேண்டும். அழைப்பவர் "போடலாமா?" என்று கேட்கக் கூடாது. தன் முடிவையும் காரணத்தையும் முதலில் சொல்லிவிட்டு, "நான் எதைப் பார்க்கத் தவறுறேன்?" என்று கேட்க வேண்டும். போன் எண்ணைக் கொடுங்கள், இருவரையும் நான் சேர்த்துவைக்கிறேன்.